உங்கள் மருத்துவத் தகவல் கசிந்துவிட்டதா? சிங்கப்பூரில் நோயாளிக்கு உள்ள வழிகள்

சிங்கப்பூரில் காய்ச்சலுக்காக ஒரு மருந்தகத்துக்குள் (கிளினிக்) நுழைந்தாலும், முகப்பில் இருப்பவர் முதலில் கேட்பது அடையாள அட்டையை அல்லது வேலை அனுமதி அட்டையைத்தான். பெயர், பிறந்த தேதி, முகவரி, கைத்தொலைபேசி எண், வேலை செய்யும் நிறுவனம், ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை முடிவு என ஒவ்வொன்றாகக் கணினியில் ஏறுகிறது. வங்கி அட்டை தொலைந்தால் புது அட்டை வாங்கிக்கொள்ளலாம்; ஒருவருக்கு இருக்கும் நோய் வேண்டாதவர் காதுக்குப் போய்விட்டால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. அந்தத் தகவல் கசியும்போது நோயாளி என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை, இந்நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களையும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்களையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

இது எங்கோ நடக்கும் சங்கதி அன்று. 2018 ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிக் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை எடுத்துச் சென்றார்கள். அவர்களில் சுமார் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின, அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரம் உட்பட. 2019 ஜனவரியில், எச்ஐவி தொற்றுடையோர் 14,200 பேரின் பதிவுகள் இணையத்தில் வெளியிடப்பட்டதைச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில், ரத்த தானம் செய்த 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் சர்வரில் உரிய பாதுகாப்பில்லாமல் கிடந்தது தெரியவந்தது. 2021இல் தனியார் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றின் கோப்புகளை, பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் என்ற தீநிரல் முடக்கியபோது பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 73,500 பேர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவருக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் தரும் உரிமை உண்மையானது. ஆனால் அது தானாகத் தேடி வந்து கையில் பணத்தைத் தருவதில்லை. என்ன தகவல் போனது, யார் விட்டார்கள், அதனால் உங்களுக்கு என்ன கேடு நேர்ந்தது என்ற மூன்றையும் எழுத்தில் காட்டக்கூடியவருக்கே அந்த உரிமை பயன்படும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த எழுத்தைத் திரட்டுவதற்கானவை.

முதற்படி: தகவல் யாருடைய கையிலிருந்து போனது?

இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் முறையீடு எழுத உட்காராதீர்கள், ஏனெனில் எந்தச் சட்டம் பொருந்தும் என்பது இதைப் பொறுத்தது. தனியார் மருந்தகம், தனியார் மருத்துவமனை, பல் மருத்துவர், பரிசோதனைக்கூடம், காப்புறுதி நிறுவனம் ஆகிய அனைத்தும் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அரசாங்க மருத்துவமனை என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் பொது மருத்துவமனைகளையும் பலதுறை மருந்தகங்களையும் நடத்தும் குழுமங்கள் சட்டப்படி நிறுவனங்கள். ஆகவே அவற்றுக்கும் அதே சட்டம்தான். 2018ஆம் ஆண்டுச் சம்பவத்துக்காக, இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்), அதன் கணினிக் கட்டமைப்பை நடத்திய நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் அபராதம் விதித்தது அந்த அடிப்படையில்தான்.

அமைச்சுகளும் அரசாங்கக் கழகங்களும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்துவது 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டமும் வேறு சில சட்டங்களும். எனவே ஓர் அமைச்சின் பதிவேட்டிலிருந்து தகவல் போயிருந்தால், ஆணையத்திடம் முறையிட்டுக் காத்திருப்பதைவிட அந்த அமைப்பிடமே நேரடியாக எழுதுவதும், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போவதும், வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்பதும் பொருத்தமான வழிகள்.

மருந்தகம் தன் கணினி வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருந்தது, தவறு அங்கேதான் நடந்தது என்று பதில் வரலாம். அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். தன் சார்பில் இன்னொருவர் கையாளும் தகவலுக்கும், தானே கையாள்வதைப் போன்ற பொறுப்பு மருந்தகத்துக்கு உண்டு என்கிறது சட்டம். 2021இல் ஃபுல்லர்ட்டன் ஹெல்த் நிறுவனத்தின் நோயாளிகளுக்குச் சந்திப்பு நேரம் ஒதுக்கும் பணியைச் செய்துவந்த ஒப்பந்த நிறுவனத்தின் வழியாகத் தகவல் கசிந்தபோது, ஆணையம் இரு நிறுவனங்களுக்கும் அபராதம் விதித்தது. ஃபுல்லர்ட்டனுக்கு விதிக்கப்பட்ட 58,000 வெள்ளிதான் இரண்டில் பெரியது.

அடுத்து: கடிதம் வந்தால் எப்படிப் படிப்பது, வராவிட்டால் என்ன பொருள்?

2021 பிப்ரவரி 1 முதல், தகவல் கசிவை அறிவிப்பது கட்டாயமாகிவிட்டது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாலோ, பாதிக்கப்பட்டவருக்குக் குறிப்பிடத்தக்க கேடு நேரக்கூடும் என்றாலோ, அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று கணித்த நேரத்திலிருந்து 3 நாள்களுக்குள் நிறுவனம் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. 500 பேர் என்ற எண்ணிக்கை ஆணையத்துக்குச் சொல்வதற்கான அளவுகோல் மட்டுமே. நோயாளிக்கு நேரடியாகச் சொல்ல வேண்டிய கடமை, குறிப்பிடத்தக்க கேடு நேரக்கூடும் என்ற நிலையில்தான் எழுகிறது. அதிலும், கேடு நேராதபடி நிறுவனம் உடனே தடுத்துவிட்டாலோ, தகவல் பிறரால் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலோ சொல்ல வேண்டியதில்லை. ஆகவே செய்தித்தாளில் உங்கள் மருந்தகத்தின் பெயரைப் பார்த்தும் உங்களுக்குக் கடிதம் வரவில்லை என்றால், உங்கள் தகவல் பத்திரமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. நீங்களே கேட்க வேண்டும்.

எந்த வகைத் தகவல் போனால் குறிப்பிடத்தக்க கேடு நேரும் என்று விதிகளே ஒரு பட்டியல் தருகின்றன. எச்ஐவி மற்றும் பாலியல் தொற்றுகள், சில தீவிர மனநோய்கள், போதைப் பழக்கச் சிகிச்சை, கருக்கலைப்பு, உறுப்பு தானம், தற்கொலை முயற்சி, வீட்டு வன்முறை தொடர்பான விவரங்கள் ஒருவரின் பெயரோடோ அடையாள எண்ணோடோ சேர்ந்து வெளியானால், அவை அந்தப் பட்டியலுக்குள் வரும்.

கடிதத்திலோ மின்னஞ்சலிலோ ஐந்து விவரங்களைத் தேடுங்கள்: கசிவு எப்படி நடந்தது, உங்களைப் பற்றிய எந்தெந்தத் தகவல் போனது, அதனால் என்ன கேடு வரக்கூடும், நிறுவனம் என்ன செய்திருக்கிறது, மேலும் விவரம் கேட்க யாரைத் தொடர்புகொள்வது. ‘சில தனிப்பட்ட விவரங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அந்தச் சொற்களை அடிக்கோடிட்டு வையுங்கள். நீங்கள் அனுப்பப்போகும் கடிதத்தின் முதல் கேள்வி அதுதான். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஆங்கிலத்தில் இப்படிக் கடிதம் வந்தால், விளம்பரத் தாள்களோடு சேர்த்து எறிந்துவிடும் அபாயம் அதிகம். அப்பா அம்மாவின் அஞ்சல்பெட்டியை இந்த நாள்களில் நீங்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

கடிதம் என்று சொல்லிக்கொண்டு வரும் குறுஞ்செய்தியே மோசடியாகவும் இருக்கலாம். இணைப்பைத் தட்டாமல், மருந்தகத்தின் அதிகாரபூர்வ எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். ஐயம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

முதல் இரண்டு நாள்களில் கதவைச் சாத்துங்கள்

சட்ட நடவடிக்கைக்கு முன்னால் கூடுதல் சேதத்தைத் தடுக்க வேண்டும். நீங்கள் முன்னெச்சரிக்கையோடு நடந்துகொண்டீர்கள் என்பதும் பின்னாளில் உங்கள் தரப்புக்கு வலுச் சேர்க்கும். அடையாள அட்டை எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்து எங்கெல்லாம் கடவுச்சொல்லாக வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் உடனே மாற்றுங்கள். வங்கிச் செயலியில் பரிவர்த்தனை வரம்பைக் குறையுங்கள். உங்கள் வங்கியில் சேமிப்பைப் பூட்டிவைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, நீங்கள் சாப்பிடும் மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்லும் ஒருவர் உண்மையானவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்து விவரம் கசிந்த பிறகு அந்தப் பெயர் மோசடிக்காரருக்கும் தெரியும்.

கசிந்த கோப்பைத் தேடிக்கொண்டு இணையத்தின் இருண்ட மூலைகளுக்குப் போகாதீர்கள். அங்கே பிறருடைய தகவலும் சேர்ந்தே கிடக்கும். அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் கீழ் உங்களையே சிக்கலில் மாட்டிவிடக்கூடும். யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம். அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால் போதும்.

எழுத்தில் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்று நீங்கள் சொன்னால், இந்தப் படியைத்தான் செய்யச் சொல்வேன். செலவு குறைவு, வழக்கறிஞர் தேவையில்லை, பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறது என்றும், கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தியது, யாருக்கு வெளியிட்டது என்றும் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர், சார்ந்திருப்போர் அனுமதியில் வந்தவர், சுற்றுலாப் பயணியாக இருந்தபோது சிகிச்சை பெற்றவர் என்ற வேறுபாடு இந்த உரிமையில் கிடையாது, குடியுரிமை தேவையில்லை. நிறுவனம் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் எப்போது தர முடியும் என்பதை அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தகவல் பாதுகாப்பு அதிகாரியை நியமித்து அவரது தொடர்பு விவரத்தைப் பொதுவில் வைத்திருக்க வேண்டும் என்பதால், மருந்தகத்தின் இணையத்தளத்தில் அடியில் உள்ள தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும்.

அவருக்கு எழுதும் கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது நடைமுறைக்கு நல்லது. உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

‘நான் உங்கள் மருந்தகத்தில் இந்தக் காலப்பகுதியில் சிகிச்சை பெற்றவர். இந்தத் தேதியில் உங்களிடமிருந்து தகவல் கசிவு பற்றிய அறிவிப்பு எனக்கு வந்தது. என்னைப் பற்றிய எந்தெந்தத் தகவல் கசிந்தது என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். நோய் விவரம், பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல் ஆகியவை அதில் இருந்தனவா? கசிவு எந்தத் தேதியில் நடந்தது, எந்தத் தேதியில் நீங்கள் கண்டறிந்தீர்கள், ஆணையத்துக்கு எந்தத் தேதியில் தெரிவித்தீர்கள்? என் தகவலைக் கையாண்ட வெளி நிறுவனம் எது? கடந்த ஓராண்டில் என் தகவல் யாருக்கெல்லாம் வெளியிடப்பட்டது என்ற விவரத்தையும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கோருகிறேன். என் பதிவுகளையும் கணினி நுழைவுப் பதிவேட்டையும் அழிக்காமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் கோப்பை யார் எந்த நேரத்தில் திறந்தார்கள் என்பதைக் காட்டும் பதிவேடு காலம் போனால் அழிக்கப்பட்டுவிடலாம். நீங்கள் முன்பே எழுத்தில் கேட்டிருந்தீர்கள் என்பது அப்போது முக்கியமாகும். கோபத்தையும் வசவையும் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒருநாள் நீதிபதி படிக்கக்கூடும்.

தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பேசியதன் சாரத்தை அன்றே மின்னஞ்சலாக அனுப்பி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். நல்லெண்ணத் தொகை, பற்றுச்சீட்டு (வவுச்சர்) என்று எதையாவது தர முன்வந்தால், கையெழுத்துக் கேட்கும் தாளில் ‘இதனுடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற பொருளில் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் ஒப்பமிட வேண்டாம்.

பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எழுதலாம். இறந்தவர்களின் தகவலுக்கும், இறந்து 10 ஆண்டுகள் ஆகும்வரை, வெளியிடுவது மற்றும் பாதுகாப்பது தொடர்பான விதிகள் பொருந்தும்.

நேர்ந்த கேட்டை நேர்ந்த அன்றே குறித்துவையுங்கள்

நீதிமன்றம் கேட்கும் கேள்வி ‘அந்தக் கசிவால் நேரடியாக உங்களுக்கு என்ன இழப்பு’ என்பது. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் ஒரே மங்கலாகத்தான் வரும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். துவாஸ் தங்குவிடுதியில் இருக்கும் ஓர் ஊழியரின் காசநோய்ப் பரிசோதனை விவரம் மருந்தக ஊழியர் ஒருவர் வழியாக வெளியேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: ‘மார்ச் 14, மாலை 6 மணி. லாரியில் ஏறும்போது மேற்பார்வையாளர், உனக்குக் காசநோயாமே, இனிமேல் பின்னால் தனியாக உட்கார் என்றார். அருகில் இரண்டு பேர் இருந்தார்கள். மார்ச் 15, அறையில் உள்ளவர்கள் கட்டிலை நகர்த்தினார்கள். மார்ச் 18 முதல் கூடுதல் நேர வேலை தரவில்லை.’ தேதி, சொன்ன சொல், பார்த்தவர் ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. கூடுதல் நேர ஊதியம் நின்றதை இரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளே காட்டிவிடும்.

மனம் உடைந்து தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் போங்கள். முதலில் உங்கள் நலனுக்காக. அந்த வருகையின் பதிவு உங்கள் வேதனை உண்மையானது என்பதற்குச் சான்றாகவும் அமையும். ரசீதுகள், பயணச் செலவு, விடுப்பு எடுத்த நாள்கள், மோசடியில் போன பணம் இருந்தால் வங்கி அறிக்கையும் காவல்துறைப் புகாரின் நகலும் ஒரே உறையில் இருக்கட்டும்.

ஆணையத்திடம் முறையீடு

நிறுவனத்தின் பதில் திருப்தியில்லை என்றாலோ, 30 நாள்கள் கடந்தும் பதிலே இல்லை என்றாலோ, தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் முறையீட்டுப் படிவத்தை நிரப்பலாம். நீங்கள் அனுப்பிய கடிதமும் வந்த பதிலும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். நிறுவனத்திடம் முதலில் கேட்டீர்களா என்பதை ஆணையம் பார்க்கும். சில முறையீடுகளைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பும். கடுமையானவற்றை விசாரித்து, குறையைச் சரிசெய்ய உத்தரவிடும், அபராதம் விதிக்கும். 2022 அக்டோபர் 1 முதல் உச்ச அபராதம் 10 லட்சம் வெள்ளி. சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 1 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனத்துக்கு, அந்த வருவாயில் 10 விழுக்காடுவரை போகலாம்.

அந்த அபராதத்தில் ஒரு காசும் நோயாளிக்கு வராது. ஆணையம் இழப்பீடு வழங்கும் அமைப்பு அன்று என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. ஆயினும் முறையிடுவது வீண் என்று நான் கருதவில்லை. உள்ளே என்ன நடந்தது என்பதை நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது, தனி நோயாளிக்கு இல்லை. நிறுவனம் தன் கடமையை மீறியது என்று ஆணையம் காரணங்களோடு எழுதி வெளியிடும் முடிவு, பின்னர் வழக்குப் போடுபவருக்குப் பெரும் துணை.

நீதிமன்றத்துக்குப் போகலாமா?

போகலாம். சட்டத்தின் 48ஓ (48O) பிரிவு, விதிமீறலால் நேரடியாக இழப்போ சேதமோ அடைந்தவருக்கு உரிமையியல் வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தருகிறது. நீதிமன்றம் இழப்பீடு வழங்கலாம், தகவலைப் பயன்படுத்தத் தடை விதிக்கலாம், மீறல் நடந்தது என்று அறிவிக்கலாம். ஒரு கட்டுப்பாடு உண்டு. அதே மீறல் குறித்து ஆணையம் முடிவெடுத்திருந்தால், மேல்முறையீட்டுக்கு இனி இடமில்லை என்று அந்த முடிவு இறுதியான பிறகே வழக்குத் தொடுக்க முடியும்.

எது ‘இழப்பு அல்லது சேதம்’ என்பதில் நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. மன வேதனை அதில் அடங்காது என்று 2021இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2022 செப்டம்பரில், ரீட் எதிர் பெல்லிங்ஹாம் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, மன வேதனையும் வழக்குத் தொடுக்கப் போதுமான சேதமே என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு மருத்துவத் தகவலைப் பற்றியது அன்று. முதலீட்டு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் விவரத்தை முன்னாள் ஊழியர் பயன்படுத்தியதைப் பற்றியது. ஆனால் வகுத்த நெறி நோயாளிகளுக்கும் பொருந்தும். என் பார்வையில், இந்தச் சட்டம் வந்த பிறகு சாதாரண மனிதருக்குக் கிடைத்த மிக முக்கியமான தீர்ப்பு அதுதான்.

தீர்ப்பு எல்லையும் வகுத்தது. தகவல் மீதான கட்டுப்பாடு கையைவிட்டுப் போனது என்பது மட்டும் போதாது. சிறு எரிச்சலும் போதாது. வேதனை மெய்யாகவே ஏற்பட்டதா என்பதைப் பார்க்க நீதிமன்றம் சிலவற்றை எடைபோடும்: தகவலின் தன்மை, மீறல் ஒருமுறை நடந்ததா தொடர்கிறதா, எதிர்த்தரப்பு நடந்துகொண்ட விதம், மீண்டும் நடக்கும் அபாயம், உங்கள்மீது உண்டான பாதிப்பு. பெயரும் முகவரியும் மட்டும் போன ஒருவர் இந்தத் தராசில் வெல்வது கடினம். மனநலச் சிகிச்சை விவரம் வெளியாகி, திருமணப் பேச்சு முறிந்து, மருத்துவரிடம் போக நேர்ந்த ஒருவரின் நிலை வேறு.

வழக்கறிஞர்கள், 48ஓ பிரிவோடு வேறு அடிப்படைகளையும் சேர்த்து வாதிடுவது உண்டு: மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான நம்பிக்கையை மீறியது, கவனக்குறைவு, ஒப்பந்த மீறல். கோரும் தொகை 60,000 வெள்ளிவரை என்றால் மஜிஸ்திரேட் நீதிமன்றம், 2,50,000 வெள்ளிவரை என்றால் மாவட்ட நீதிமன்றம். செலவு குறைவான சிறு கோரிக்கை மன்றம் இத்தகைய வழக்கை ஏற்பதில்லை.

வெளிநாடுகளில் பெரும் கசிவு நடந்தவுடன் வழக்கறிஞர்கள் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி ஒரே வழக்காகப் போட்டு, வென்றால் பங்கு, தோற்றால் கட்டணமில்லை என்று நடத்துவதை நீங்கள் படித்திருக்கலாம். சிங்கப்பூரில் அப்படி நடப்பதில்லை. ஒரே நலன் கொண்ட பலர் சார்பில் ஒருவர் வழக்காட நீதிமன்ற விதிகளில் இடம் உண்டு. ஆனால் இழப்பு ஆளுக்கு ஆள் மாறும் வழக்குகளில் அது எளிதன்று. இத்தகைய வழக்குகளில், வென்றால் கிடைக்கும் தொகையில் வழக்கறிஞர் பங்கு பேசிக்கொள்வதற்கும் சட்டம் இடம் தருவதில்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியையும் பொதுவாக நீங்களே தர வேண்டிவரும். ஆகவே பண இழப்போ, நிரூபிக்கத்தக்க கடும் வேதனையோ, தொடர்ந்து நடக்கும் வெளியீட்டைத் தடுக்க வேண்டிய தேவையோ இருப்பவர்களுக்கே நீதிமன்றம் ஏற்ற வழி என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கடிதத்திலும் ஆணையத்திலும் ஊன்றி நிற்பது நல்லது.

காலக்கெடுவையும் மறக்கக் கூடாது. ஒப்பந்த மீறல், கவனக்குறைவு போன்ற அடிப்படைகளுக்குப் பொதுவாக 6 ஆண்டு. உடலுக்கோ மனத்துக்கோ நேர்ந்த பாதிப்புக்கான இழப்பீட்டுக்குப் பொதுவாக 3 ஆண்டு.

கசியவிட்டவர் ஒரு தனிமனிதர் என்றால்

எல்லாக் கசிவும் ஊடுருவிகளின் வேலை அன்று. முகப்பில் இருக்கும் ஊழியர் தெரிந்தவரின் கோப்பைத் திறந்து பார்த்து உறவினரிடம் சொல்வதும் கசிவுதான். நம் சமூகத்தில் ஒருவரை அதிகமாகக் காயப்படுத்துவது இந்த வகைதான், ஏனென்றால் செய்தி போய்ச் சேரும் இடம் நமக்குத் தெரிந்தவர்களின் வீடு. அனுமதியில்லாமல், தெரிந்தே அல்லது பொறுப்பில்லாமல் நிறுவனத்தின் கையிலுள்ள தகவலை வெளியிடும் தனிமனிதர்மீது 2021 முதல் குற்றவழக்கே தொடரலாம்: 5,000 வெள்ளிவரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். இதற்குக் காவல்துறையிலும் ஆணையத்திலும் புகார் செய்யலாம்.

வெளியிட்டவர் மருத்துவரே என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்திடம் முறையிடலாம். முறையீட்டுடன் சத்தியப் பிரமாண வாக்குமூலம் இணைக்க வேண்டும் என்பதால், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மருந்தகத்தின் நடைமுறையே தவறு என்றால், உரிமம் வழங்கும் சுகாதார அமைச்சுக்கு எழுதலாம். உங்கள் நோய் விவரத்தைச் சமூக ஊடகத்தில் போட்டு ஒருவர் துன்புறுத்தினால், தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை கோரலாம். அதற்கென்றே 2021 முதல் தனி நீதிமன்றம் செயல்படுகிறது. எச்ஐவி தொற்றுடையவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தொற்றுநோய்ச் சட்டம் தனியாகவே குற்றமாக்கியிருக்கிறது.

உதவி கேட்கப் போகும்போது

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வருமானத் தகுதி இருந்தால் சட்ட உதவி அலுவலகத்தை நாடலாம். அந்தத் தகுதி இல்லாதவர்களும், வழக்கு நடத்தலாமா என்று தெரிந்துகொள்ள மட்டும் விரும்புபவர்களும் புரோபோனோ எஸ்ஜி அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யலாம். வெளிநாட்டு ஊழியர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை அணுகலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தால் அதையும் அங்கே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இலவச ஆலோசனை நேரம் குறைவு. கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினால் பாதியில் முடிந்துவிடும். ஒரே பக்கத்தில் தேதிவாரியாக நடந்ததை எழுதி, அதன் பின்னால் அறிவிப்புக் கடிதம், நீங்கள் அனுப்பியது, வந்த பதில், ஆணையத்தின் ஒப்புகை, குறிப்புப் புத்தகத்தின் நகல், ரசீதுகள் என்ற வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்றால் நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் நோய் விவரம் அவருக்கும் தெரியவரும் என்பதை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதிவையுங்கள்: என் கையில் உள்ள சான்றுகளால் நேரடி இழப்பைக் காட்ட முடியுமா, ஆணையத்தின் முடிவுக்குக் காத்திருப்பது நல்லதா, என் வழக்கின் காலக்கெடு எந்தத் தேதியில் முடிகிறது, தோற்றால் எவ்வளவு செலவு என் தலையில் விழும்.